ரின் பூசணியைத் தெரிவு செய்வதும், அதற்கு ஈடாக நம் பூசணியைப் பக்குவப்படுத்துவதும்

வெளிநாட்டுக் கேக், பை (மாவு அடியில் பூரணம் நிரப்பி அவணில் வேக வைக்கும் பண்டம்), சூப் செய்முறைகளைப் படிக்கும்போது "ஒரு ரின் பூசணி" என்ற வரி அடிக்கடி வரும்; அவித்து மசித்து ரின்னில் அடைத்த பூசணியே அது. அந்த வரிக்காகவே கனடாவிலிருந்து ஊருக்கு வரும் உறவினரிடம் சொல்லிவைப்போரும், கொழும்புக்குப் போய்வருவோரிடம் காசு கொடுத்துவிடுவோரும் இப்போது வன்னியில் இருக்கின்றனர். வீட்டிலிருந்தே பிறந்தநாள் கேக்குக்கு ஓடர் எடுக்கும் பெண்கள் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் வவுனியாவிலும் பலர் உள்ளனர். அவர்களுக்கும், புதிதாக அவண் வாங்கியவர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறேன். ரின்னை எதைப் பார்த்து வாங்குவது, திறந்ததும் எப்படிச் சோதிப்பது, ரின் கிடைக்காவிட்டால் மேட்டுக் காணிப் பூசணியை அதற்கு ஈடாக எப்படி ஆக்குவது என்ற மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனெனில் ரின் பூசணிக்கு நாம் கொடுக்கும் விலை, பெரும்பாலும் அதன் நீரளவு மாறாமல் இருப்பதற்கான விலையே. இனத்தாலோ சுவையாலோ அது நம்முடையதை விட உயர்ந்தது என்று எண்ணத் தேவையில்லை.

ரின்னுக்குள் இருக்கும் பூசணி

ஐக்கிய அமெரிக்காவில் விற்பனையாகும் ரின் பூசணியின் மிகப் பெரும்பகுதி இல்லினோய் மாநிலத்தில் விளைந்து அங்கேயே அவித்து அடைக்கப்படுகிறது. இவற்றில் முதன்மையான பெயர் லிபிஸ். அதன் ஆலை மோர்ட்டன் என்ற ஊரில் உள்ளது. 2009ஆம் ஆண்டு அறுவடைக் காலத்தில் அப்பகுதியில் அடைமழை பெய்து, இயந்திரங்கள் தோட்டத்துக்குள் இறங்க முடியாமல் போனதால், நாடு முழுவதும் ரின் பூசணிக்குத் தட்டுப்பாடு வந்தது. காலபோக வெள்ளத்தில் பயிரைப் பறிகொடுத்த வன்னி விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆலைக்குப் போகும் காய் டிக்கின்சன் என்ற வகையைச் சேர்ந்தது. ரின்னின் படத்தில் பளபளக்கும் செம்மஞ்சள் உருண்டைக் காயைப் போல அது இராது; மங்கிய மண்ணிறத் தோலும் நீண்ட உருவமும் கொண்டது. தாவரவியலில் அது குக்குர்பிற்றா மொஸ்காற்றா என்ற இனம். நம் சந்தையில் குவித்திருக்கும் பூசணியின் காம்பைச் சற்று உற்றுப் பாருங்கள். கடினமாக, ஐந்து விளிம்புகளோடு, காயைச் சேரும் இடத்தில் விரிந்து அகன்றிருந்தால் அதுவும் அதே மொஸ்காற்றா இனந்தான். ஹலோவீன் நாளில் முகம் செதுக்கி விளக்கேற்றும் பூசணியோ பெப்போ என்ற வேறோர் இனத்தைச் சேர்ந்தது. அதன் சதை மெல்லியது, நாரும் நீரும் மிகுந்தது, சமையலுக்கு அவ்வளவாக உதவாதது. ஆகவே ஊரில் விளைந்த காய் பைக்கும் கேக்கும் ஒத்துவராது என்று இணையத்தில் யாராவது சொன்னால், அவர்கள் பெரும்பாலும் அந்த விளக்குப் பூசணியை மனத்தில் வைத்தே சொல்கிறார்கள் என்று கொள்ளலாம்.

லேபலில் பார்க்க வேண்டியவை

முதலில் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அங்கே பூசணி என்ற ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். முகப்பில் "பியூர் பம்ப்கின்" என்றோ "100 வீதம் பம்ப்கின்" என்றோ எழுதியிருக்கும். கனடா ரின்களில் "பம்ப்கின் பியூரே" என்றும் அதன் அருகில் பிரெஞ்சு மொழியிலும் காணலாம். அதே நிறுவனம், அதே நிறம், அதே படத்தோடு "பம்ப்கின் பை மிக்ஸ்" அல்லது "பை ஃபில்லிங்" என்று இன்னொரு ரின் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கும். அதில் சீனி, நீர், உப்பு, கறுவா, இஞ்சி, சாதிக்காய், கராம்பு முதலியன முன்னதாகவே கலக்கப்பட்டுள்ளன. பை ஒன்றை அவசரமாகச் செய்து முடிக்க அது போதுமானது. ஆனால் சூப்புக்கோ ரொட்டிக்கோ அதை ஊற்றினால் எல்லாம் கெட்டுப்போகும், கேக்கில் சேர்த்தாலும் சீனியளவு கைக்கு அடங்காது. வெளிநாட்டில் உள்ளவரிடம் வாங்கிவரச் சொல்லும்போது "பம்ப்கின் ரின்" என்று மட்டும் சொல்லாமல், சரியான ரின்னின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதே பாதுகாப்பு.

இரண்டு தூய பூசணி ரின்களுக்கிடையே எது நல்லது என்று தெரிய வேண்டுமானால் போசணை அட்டவணை உதவும். இதைப் பலர் கவனிப்பதில்லை. உப்பில்லாத ரின் பூசணியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 90 கிராம் நீரும், 8 கிராம் மாச்சத்தும், அதனுள் அடங்கிய 3 கிராமளவு நாரும் இருக்கும். ஒரு ரின்னில் இந்த மாச்சத்தும் நாரும் கண்கூடாகக் குறைந்திருந்தால் அதில் நீர் கூடியிருக்கிறது என்று பொருள். அமெரிக்க லேபல்கள் அரைக் கோப்பை அளவுக்குக் கணக்குச் சொல்வதால், ஒப்பிடும்போது இரண்டையும் 100 கிராமுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சோடியத்தையும் பாருங்கள்: உப்பிடாத ரின்னில் அது 100 கிராமுக்கு 5 மில்லிகிராம் அளவில் நிற்கும், உப்பிட்டதில் 200ஐத் தாண்டும். சேர்த்த சீனி என்ற வரியில் பூச்சியமே இருக்க வேண்டும். ஓகானிக் என்று கூடுதல் விலை போட்ட ரின் இருந்தால், அது பயிரிட்ட முறையைப் பற்றிய சான்று மாத்திரமே. மசியலின் கட்டித்தன்மைக்கு அது உத்தரவாதம் தராது.

அளவைப் பொறுத்தவரை, வழக்கமான சிறிய அமெரிக்க ரின் 425 கிராம், பெரியது 822 கிராம். கனடாவில் 398 மில்லிலீற்றரும் 796 மில்லிலீற்றரும் உண்டு. பெரும்பாலான செய்முறைகளில் "ஒரு ரின்" என்றால் 425 கிராம் ரின்னையே குறிக்கும். கோப்பைக் கணக்கில் அது ஒன்றேமுக்கால் கோப்பை. கிராமுக்கு விலை பார்த்தால் பெரிய ரின் மலிவாகத் தோன்றும் என்றாலும், மின்சாரம் எப்போது நிற்கும் என்று தெரியாத வீட்டுக்குச் சிறிய ரின்னையே பரிந்துரைப்பேன்.

திகதியை வாசிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கர் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவர். ஆகவே 03/08 என்றிருந்தால் அது மார்ச் 8, நாம் நினைக்கும் ஓகஸ்ட் 3 அல்ல. கடையில் வாங்கும் ரின்னாயின், இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்றும், அந்த ஒட்டுத்தாள் மூலத் திகதியை மறைக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள்.

ரின்னின் உடம்பு

பூசணி புளிப்புக் குறைந்த உணவு, அதன் பி.எச். பெறுமானம் (புளிப்பைக் காட்டும் எண்; அது குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.6க்கு மேலே இருப்பதால், சரியாக அடைக்கப்படாத ரின்னில் குளொஸ்ரிடியம் பொற்றுலினம் என்ற கிருமி வளர்ந்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும். ஆகவே இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. மேல்மூடியோ அடிப்பக்கமோ புடைத்திருந்தால் வாங்காதீர்கள். மூடியின் நடுவில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். "டக்" என்று உள்ளே போய் மீண்டும் வெளியே வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வயிற்றுப் பக்கத்தில் விழுந்த சிறு நெளிவால் பெரிய கேடில்லை. மேல் விளிம்பிலோ, பக்கவாட்டில் தகடு பொருந்தும் கோட்டிலோ நெளிவு விழுந்திருந்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். விமானப் பொதியில் மற்றப் பாரங்களுக்கு அடியில் நசுங்கி வந்த ரின்களை இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும், அன்போடு கொண்டுவந்தவர் முகம் கோணினாலும். துணியால் துடைத்தால் போகும் துரு பரவாயில்லை, தகட்டைத் தின்ற துரு ஆகாது.

திறக்கும்போது உள்ளிருப்பது சீறிப் பாய்ந்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ, நாக்கில் வைத்துச் சோதிக்காமல் அப்படியே அப்புறப்படுத்துங்கள். அந்த நஞ்சு வாடையோ நிறமாற்றமோ இன்றியும் இருக்கக்கூடியது என்பதால்தான் வெளித்தோற்றத்துக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன். புடைத்த ரின்களைக் கடை ஒன்று தொடர்ந்து விற்பதைக் கண்டால் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். வாங்கிய ரின்னையும் தகரக் கூரைக்குக் கீழுள்ள பரணில் போடாமல், சுவரோரக் கீழ்த்தட்டில் வையுங்கள். வன்னிக் கோடையில் அந்தப் பரணின் வெப்பம் எந்த ரின்னுக்கும் நல்லதன்று.

திறந்ததும் செய்யும் சோதனை

இரு பக்க மூடிகளையும் வெட்டியெடுத்து, மசியலை ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். நல்ல மசியல் ரின்னின் உருவத்தையே ஓரளவு பிடித்தபடி, பக்கத்து வளையத் தழும்புகள் கூடத் தெரிய நிற்கும். அதன் அடியில் கசியும் நீர் மெல்லிய கோடு போல மட்டும் இருக்கும். மட்டமானது உடனே சரிந்து பரவும், தட்டின் விளிம்புவரை மஞ்சள் நீர் ஓடும். அடுத்து ஒரு கரண்டியளவை எடுத்து, நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையில் அழுத்துங்கள். நார் தட்டுப்படக் கூடாது, மணலைப் போன்ற உறுத்தலும் கூடாது. நிறம் ஆழ்ந்த செம்மஞ்சளாக இருப்பது இயல்பு. அடைத்தபின் நெடுநேரம் சூடேற்றுவதால் புதிய பூசணியை விடச் சற்றுக் கபில நிறம் தட்டியிருந்தால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

நீர் கூடிய ரின் கைக்கு வந்துவிட்டால் எறிய வேண்டியதில்லை. அடிதடித்த தாச்சியில் ஒரு தேக்கரண்டி பட்டர் விட்டு, மசியலைப் போட்டு, மெல்லிய தீயில் எட்டு அல்லது பத்து நிமிடம் கிண்டுங்கள். அகப்பையை நடுவே இழுத்தால் விழும் தடம் உடனே மூடாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. இதனால் இன்னொரு நன்மையும் உண்டு: ரின்னில் அடைத்த எதிலும் மெலிதாக வீசும் தகர வாடை இந்தச் சூட்டில் போய்விடும். நல்ல ரின்னுக்குக் கூட நான் இதைச் செய்வது வழக்கம். முற்றாக ஆறிய பின்பே முட்டையோடும் மாவோடும் சேர்க்க வேண்டும்.

எந்த ஆக்கத்துக்கு எது

பைக்கும் சீஸ்கேக்குக்கும் மிகக் கட்டியான மசியல் வேண்டும். நீர் சற்றே கூடினாலும் நடுப்பகுதி இறுகாமல் தளதளவென்று நின்றுவிடும், அடிமாவும் நனைந்துபோகும். கேக், மஃபின் போன்றவை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சூப்புக்கு எந்த ரின்னும் போதும், அதிலும் உண்மையைச் சொன்னால் புதிய பூசணியே சிறந்தது. தேங்காய்ப்பாலில் வைக்கும் நம் பூசணிக் கறிக்கு ரின்னைத் திறப்பது வீண். அங்கே துண்டு உடையாமல் நிற்க வேண்டும், ரின்னில் துண்டே இல்லை. அல்வாவுக்கும் வட்டிலப்பத்துக்கும் ரின் மசியல் நன்றாகப் பொருந்தும், கிண்டும் நேரமும் குறையும்.

பை செய்பவர்கள் லிபிஸ் ரின்னின் லேபலில் 1950 முதல் அச்சாகிவரும் செய்முறையையே பெரும்பாலும் பின்பற்றுகின்றனர். 425 கிராம் பூசணி, முக்கால் கோப்பை சீனி, இரண்டு முட்டை, ஒரு தேக்கரண்டி கறுவாத் தூள், அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி வேர்க்கொம்புத் தூள், கால் தேக்கரண்டி கராம்புத் தூள், 354 மில்லிலீற்றர் எவாப்பரேற்றட் பால் என்பது அதன் கணக்கு. முதலில் 220 பாகை செல்சியஸில் 15 நிமிடமும், பின்னர் 175 பாகைக்குக் குறைத்து 40 முதல் 50 நிமிடமும் வேக வைப்பார்கள். இங்கே பலர் இடறும் இடம் பால். எவாப்பரேற்றட் பால் இனிப்பில்லாதது; நம் கடைகளில் ரின்பால் என்று கேட்டால் கிடைப்பதோ சீனி சேர்த்த கட்டிப்பால். ரின்பாலையே ஊற்றுவதானால், ஏறத்தாழ 400 கிராம் ரின்பாலுக்கு மேலே சொன்ன சீனியை முற்றாக விட்டுவிடுங்கள். கட்டியான தேங்காய் முதற்பாலை ஊற்றிச் செய்தாலும் பை நன்றாக இறுகும், அந்த மணம் நம் நாக்குக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவில் பெரும்பாலும் விற்கப்படும் கறுவா காரம் கூடிய வேறு வகை. நம் இலங்கைக் கறுவா மென்மையானது என்பதால் ஒரு சிட்டிகை கூட்டிப் போடலாம்.

ஊர்ப் பூசணியில் ரின்னுக்கு ஈடான மசியல்

மாரி மழையை நம்பி மேட்டுக் காணியில் இட்ட பூசணி தை, மாசியில் சந்தைக்கு வரும்போது விலை இறங்கும். அந்த நேரத்தில் நல்ல காயாகப் பார்த்து வாங்கிப் பக்குவப்படுத்தி வைத்தால் ரின்னைத் தேடி அலைய வேண்டியதில்லை. காம்பு காய்ந்து கட்டையாகியிருக்க வேண்டும். காம்பு உடைந்துபோன காயில் அந்த வாய் வழியே அழுகல் இறங்கும். தோலின் பச்சை போய் மண்ணிறம் ஏறி, மேலே வெண்சாம்பல் பூத்தாற்போல இருக்க, பெருவிரல் நகம் தோலுக்குள் இறங்கக் கூடாது. ஒரே அளவான இரண்டில் பாரம் கூடியதை எடுங்கள். வெட்டி விற்கும் கீற்றாயின் சதை தடித்து, ஆழ்ந்த மஞ்சளாக, வெட்டிய முகத்தில் சிறு நீர்த்துளிகள் முத்து முத்தாக அரும்பியிருப்பது நல்லது. விதைக்குழி பரந்து சளசளத்திருந்தால் வேண்டாம். முழுக்காயைக் காற்றோட்டமான நிழலில் சில கிழமை வைத்திருந்தால், மாப்பொருளில் ஒரு பங்கு இனிப்பாக மாறிச் சுவை கூடும்.

நீரில் போட்டு அவிப்பதைத் தவிருங்கள். அது குறைக்க வேண்டிய நீரை நாமே கூட்டுவதாகும். அவண் இருந்தால் காயை இரண்டாகப் பிளந்து, விதை நீக்கி, வெட்டிய பக்கம் கீழே இருக்கத் தட்டில் கவிழ்த்து, 200 பாகையில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வாட்டுங்கள். கத்தி தடையின்றி இறங்கினால் போதும். அடுப்பு மட்டுமே உள்ளவர்கள் தோலோடு பெரிய துண்டுகளாக வெட்டி, இடியப்பத் தட்டில் அடுக்கி நீராவியில் அவிக்கலாம். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும். ஆறியதும் கரண்டியால் சதையை வழித்து, மிக்சியில் நீர் சேர்க்காமல் அரைத்து, நார் தெரிந்தால் அரிதட்டில் தேய்த்து எடுங்கள்.

இனித்தான் முக்கியமான வேலை. கழுவிக் காய்ந்த பழைய வேட்டித் துணியை வடிதட்டில் விரித்து, மசியலைக் கொட்டி, துணியின் முனைகளை மடித்து மூடி, மேலே ஒரு சிறு பாரம் வைத்து, இரண்டு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வடிய விடுங்கள். வடிந்த மஞ்சள் நீரை வீசாமல் பருப்புக்கோ ரொட்டி குழைக்கவோ எடுத்துக்கொள்ளலாம். பின்னர் தாச்சியில் கிண்டி, முன்னர் சொன்ன தடச் சோதனையைச் செய்து பாருங்கள். தோலும் விதையும் நீக்கிய ஒரு கிலோ சதையில் சிறிய ரின் ஒன்றுக்கு ஈடான மசியல் தாராளமாகக் கிடைக்கும். செய்முறையில் சேர்க்கும்போது கோப்பையால் அளக்காமல் தராசில் 425 கிராம் நிறுத்தே சேர்க்க வேண்டும். கட்டித்தன்மை வேறுபடுவதால் கோப்பை அளவு ஏமாற்றும். வீட்டு மசியலின் நிறம் வெளிறி இருக்கலாம், இனிப்பும் காய்க்குக் காய் மாறும். ஆகவே சீனி சேர்க்குமுன் ஒரு முறை சுவைத்துப் பார்ப்பது அவசியம்.

இந்த மசியலைப் போத்தலில் அடைத்து, கொதிநீரில் வைத்து மூடி, மாதக்கணக்கில் வெளியே வைக்கலாம் என்று சில காணொளிகளில் காட்டுகின்றனர். அதைச் செய்யவே கூடாது. ஆலைகள் அழுத்தக் கலத்தில் கொதிநிலையைத் தாண்டிய வெப்பத்தை அளந்து கொடுக்கின்றன. தடித்த மசியலின் நடுவரை வெப்பம் போய்ச் சேர்ந்ததா என்று வீட்டில் அறிய வழியில்லாததால், அமெரிக்க விவசாயத் திணைக்களமும் மசித்த பூசணியை வீட்டில் போத்தலில் அடைப்பதைப் பரிந்துரைப்பதில்லை.

மிஞ்சியதை வைப்பது

திறந்த ரின்னில் மசியலை அப்படியே விடாமல், மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று, நான்கு நாட்களுக்கு நன்றாயிருக்கும். நீண்ட நாள் வைக்க விரும்பினால் ஐஸ் தட்டின் குழிகளில் நிரப்பி உறைய வைத்து, கட்டிகளைப் பையில் போட்டுத் திகதி எழுதி உறைபெட்டியில் வையுங்கள். மூன்று மாதத்துக்குச் சுவை குன்றாது. உறைந்து இளகிய மசியல் மீண்டும் நீர் விடும் என்பதால், பைக்கு எடுப்பதானால் இன்னொரு முறை துணியில் வடிக்க வேண்டும். மின்தடையால் முழுவதும் இளகி, தொட்டால் குளிர்ச்சியே இல்லாத கட்டிகளைத் திரும்ப உறைய வைக்காமல் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று கட்டிகள் மட்டும் மிஞ்சினால், கோதுமை மாவோடு தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து அந்த மசியலிலேயே ரொட்டிக்குக் குழைக்கலாம். அதற்குத் தண்ணீர் பெரும்பாலும் தேவைப்படாது.